இரண்டு கை விதைச்சோளம்

கோவில்பட்டி ரயில் நிலையத்தில் இறங்கியபோது என் தோள்பையில் சுப்புராஜின் சாம்பல் இருந்தது. பழுப்பு நிற பிளாஸ்டிக் பெட்டி. அரைப்படி காப்பித்தூள் டப்பா அளவுதான் இருக்கும். மெட்ராஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதைத் திறக்கச் சொன்னார். என்னவென்று சொன்னதும் கையை எடுத்துக்கொண்டு, போங்கம்மா என்றார்.

சுப்புராஜ் எனக்கு உறவில்லை. ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தில் நாங்கள் இருக்கும் சின்ன ஊரில் எங்களைத் தவிர இருந்த ஒரே தமிழ்க்காரர். தூத்துக்குடியில் டீசல் மெக்கானிக்காகத் தொடங்கி, சிங்கப்பூர் கப்பல் பட்டறை வழியாக எங்கள் ஊர் அறுவடை இயந்திரப் பட்டறைக்கு வந்து சேர்ந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். அங்கிருந்தே பசுவந்தனைப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் தன் அக்காவுக்கு ஃபோன் போட்டுத் தெலுங்கில் சண்டை பிடிப்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் தெலுங்கு புரிய ஆரம்பித்தது.

நான் பயிர்நோய் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இந்தப் பயணத்துக்கு ஆய்வகமும் ஒரு வேலை கொடுத்திருந்தது. நோய் பிடித்த சோளக்கதிர்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, உயிரற்ற மாதிரிகளாகக் கொண்டுவர வேண்டும். ஆக, போகும்போது சாம்பல், வரும்போது கதிர்.

தொண்ணூற்றேழு மார்கழி அது. விடிந்தும் விடியாமலும் கோவில்பட்டித் தெருக்களில் தீப்பெட்டி ஆபீஸ் வேன்கள் பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தன. லாட்ஜுக்குப் பக்கத்துச் சந்தில் கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சும் வாசனை. ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குத் தெருவில் நாய்கூடத் தென்படாது. ஹோட்டலில் இட்லிக்கு மிளகாய்ச் சட்னி வைத்தார்கள். கும்பகோணத்துக்காரியான எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பரிமாறியவர் நின்று பார்த்தார்.

“எங்கன இருந்து வருதீங்க?”

“ஆஸ்திரேலியா.”

“அங்கன காரமே கெடையாதோ?” என்று கேட்டுவிட்டு, கேட்காமலே இரண்டு கரண்டி எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனார்.

மறுநாள் பசுவந்தனைப் பேருந்து. டவுனைத் தாண்டியதும் நான் ஜன்னலைவிட்டு நகரவில்லை. இரண்டு பக்கமும் கரிசல். சோளம், பருத்தி, மிளகாய், கொத்தமல்லி, மறுபடியும் சோளம். எங்கள் ஊரும் இதே கறுப்பு மண்தான். அதே வெடிப்பு, ஈரம் பட்டால் அதே பசை. சுப்புராஜ் அங்கே வேலைக்கு வந்த முதல் நாள் பட்டறைக்கு வெளியே குனிந்து ஒரு கட்டி மண்ணை உடைத்துப் பார்த்தாராம். அதற்குப் பிறகுதான் இந்த ஊரிலேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன் என்பார்.

என் பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் பெரிய துணிப்பொட்டலம். புதியம்புத்தூரில் தைத்த சின்னப்பிள்ளைக் கவுன்களைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய் விற்பவர். இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இரு நாட்டு ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவராம். என் வேலை என்னவென்று கேட்டார். செடிகளுக்கு வரும் நோய், காளான் வகை, ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு எப்படிப் போகிறது என்று பார்ப்பது என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

“எங்க பூட்டன் காப்பித் தோட்டத்துக்குத்தான் போனாரு. எலையில மஞ்சளா துரு மாதிரி புடிச்சு, அம்புட்டுச் செடியும் மொட்டையாப் போச்சும்பாங்க. வெள்ளக்காரன் தேயிலைக்கு மாறிக்கிட்டான். மாறத் தெரியாத சனம் ரோட்டுல நின்னுச்சு.”

அந்தத் துருநோயைப் பற்றி நான் பாடத்தில் படித்திருக்கிறேன். இலங்கைக் காப்பியை அழித்துவிட்டு, நூறு ஆண்டுகள் கழித்துக் கடல் தாண்டிப் பிரேசிலிலும் தலைகாட்டியது. காற்றில் போனதா, யாருடைய சட்டையிலாவது போனதா, இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. படித்த பாடத்தில் செடி இருந்தது, காளான் இருந்தது. ரோட்டில் நின்ற சனம் இல்லை.

முந்தின இரவு பெய்த மழையில் பசுவந்தனை தாண்டிப் பேருந்து சகதியில் இறங்கிவிட்டது. டிரைவர் இரண்டு முறை முறுக்கிப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார். “எறங்கி நடங்க, இனி டிராக்டர் வந்தாத்தான்” என்றார் நடத்துநர். நடந்தேன். பத்தடிக்குள் செருப்பில் சேர்ந்த மண் என்னை ஒரு முழம் உயர்த்தியது. அடுத்த பத்தடியில் ஒரு செருப்பை மண்ணே வைத்துக்கொண்டது. வெறுங்காலோடு ஒரு டீக்கடையில் ஒதுங்கி, கால் கழுவத் தண்ணீர் கேட்டேன். எங்கள் ஊரில் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போகுமுன் மருந்து கலந்த தொட்டியில் காலணியை முக்கியே ஆக வேண்டும். பழக்க தோஷம்.

கடைக்காரர் குடத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். “குடிக்கிறதுன்னா குடிங்க. கால்ல இருக்கிறது காஞ்சா தானா உதிர்ந்திரும்.”

சுப்புராஜின் அக்கா கிருஷ்ணம்மாளின் வீடு ஊரின் கடைசியில். என் கால்களைப் பார்த்துவிட்டு முதலில் வெந்நீர் வைத்தார். அறுபது வயதிருக்கும். தாய் இறந்தபின் சுப்புராஜை வளர்த்தவர் அவர்தான். நான் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, எடை பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கணவர் அழகர்சாமியிடம் கொடுத்தார். அவர் அதைச் சாமி மாடத்துக்குக் கீழே வைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தினார். யாரும் அழவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று தெலுங்கில் கேட்டாள். “செடியை எரிச்சவங்க இவங்கதானா?”

அக்கா தெலுங்கிலேயே பதில் சொன்னார். “எரிச்சது அந்த ஊர் கவர்மெண்டு. இந்தப் பொண்ணு இவனைக் கொண்டாந்திருக்கு.”

எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார்கள். நான் முற்றத்துக் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அரிசிச்சோறும் கருவாட்டுக் குழம்பும். எனக்காகத்தான் அரிசி என்று நினைத்து, சோளச்சோறு இருந்தால் போதுமே என்றேன். அழகர்சாமி இலையைப் பார்த்தபடியே, “இந்த வீட்ல சோளம் பொங்கி ரெண்டு வருசமாச்சு தாயி. மாட்டுக்குத்தான் வெதைக்குதோம்” என்றார்.

நடந்தது இதுதான். கடைசியாக ஊருக்கு வந்தபோது சுப்புராஜ் அக்காவிடம் விதைச்சோளம் கேட்டிருக்கிறார். அக்கா இரண்டு கை அள்ளித் துணியில் முடிந்து, மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் புதைத்துக் கொடுத்தார். விதை கொண்டுபோவது அங்கே சட்டப்படி குற்றம். சுப்புராஜுக்குத் தெரியும். தன் வீட்டுக் கொல்லையில் நாலு வரிசை போட்டார். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, வளைந்த கழுத்தோடு கதிர் தள்ளியது. குட்டையான கலப்பினச் சோளத்தை மட்டுமே பார்த்திருந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அதே பருவத்தில்தான் எங்கள் வட்டாரத்து வயல்களில் தேன் ஒழுகல் நோய் வந்தது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் நெடுங்காலமாக இருக்கும் நோய். சோளப்பூ விரிந்து மகரந்தத்துக்குக் காத்திருக்கும் வேளையில், மகரந்தத்துக்கு முன்னால் காளான் உள்ளே புகுந்துவிடும். மணி பிடிக்க வேண்டிய இடத்தில் தேன்போல ஒரு பசை வடியும். வயலுக்கு வயல் தாவுவதைத்தான் நாங்கள் அறிந்திருந்தோம். கண்டத்துக்குக் கண்டம் தாவும் என்று எதிர்பார்க்கவில்லை. முதலில் பிரேசில். அடுத்த ஆண்டு நாங்கள். பிறகு மெக்சிகோ, அங்கிருந்து அமெரிக்கா. எல்லாம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள். கலப்பின விதை எடுக்கும் வயல்களில் மகரந்தமே இல்லாத பெண் வரிசைகள் நாள்கணக்கில் பூ விரித்துக் காத்திருக்கும். காளானுக்கு அதைவிட அகலமான வாசல் எங்கே கிடைக்கும்? நோயுற்ற தானியத்தைத் தின்ற தாய்ப்பன்றிகளுக்குப் பால் வற்றி, குட்டிகள் செத்துக் கிடந்ததை ஒரு பண்ணையில் நானே பார்த்தேன்.

ஊர் காரணம் தேடியது. பட்டறைக்காரன் கொல்லையில் இந்தியச் சோளம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அதிகாரிகள் வந்து பிடுங்கி எரித்தார்கள். அதில் ஒரு கட்டு சோதனைக்கு என் மேசைக்கு வந்தது. நோய் இருந்தது. ஆனால் அதற்குள் சுற்றுவட்டாரம் முழுக்கவே இருந்தது. கொல்லையிலிருந்து வயலுக்குப் போனதா, வயலிலிருந்து கொல்லைக்கு வந்ததா என்று அந்தக் கதிர் சொல்லாது. நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சுப்புராஜ் கைபட்டால்தான் இயந்திரம் ஓடும் என்றிருந்தவர்கள் இயந்திரங்களை வேறு ஊருக்கு ஓட்டிப் போனார்கள். கடையில் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். அடுத்த பருவத்தில் ஒருநாள் பட்டறையில், திறந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். மாரடைப்பு.

மூன்றாம் நாள் காலை அக்கா என்னைத் தன் புஞ்சைக்குக் கூட்டிப்போனார். நல்ல பனி. சோளம் பால் பிடித்துக்கொண்டிருந்தது. நான் தேட வேண்டியிருக்கவில்லை. அவரே ஒரு தாளை வளைத்துக் கதிரைக் காட்டினார். அங்கங்கே தேன்துளி, அதில் எறும்பு. சொட்டிய இடத்தில் மண்ணில் வெள்ளைப் புள்ளிகள், கறுப்பின்மேல் சுண்ணாம்பு தெளித்தாற்போல. அந்த வெள்ளைதான் காற்றில் பறப்பது.

“இது நான் சின்னப்பிள்ளையா இருக்கையிலேயே உண்டு. பனியும் மழையும் சேந்து வந்தா தேன் விடும். வெயில் அடிச்சா நின்னுரும். இதுக்குன்னு இங்கன யாரும் அழுதது கெடையாது” என்றார் அக்கா.

உண்மைதான். இந்த நாட்டுச் சோளம் மகரந்தத்தை அள்ளி இறைக்கும். பூ சீக்கிரம் கருக்கொண்டு கதவைச் சாத்திவிடும். காளானுக்குக் கிடைப்பது ஓரஞ்சாரம் மட்டும். இவர்கள் வீட்டில் வந்துபோகும் சளி மாதிரி இருந்த ஒன்று, அங்கே போய் ஊரைக் கலைத்திருக்கிறது.

நான் ஸ்பிரிட் பாட்டிலை வெளியே எடுத்தேன். அக்கா அதைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“நான் குடுத்த சோளத்துல இருந்துதான் போச்சா தாயி?”

கும்பகோணத்திலிருந்து கிளம்பி எத்தனையோ நாடு போய்ப் படித்த படிப்பில் இதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. “தெரியலக்கா. விதை மூட்டையில வந்திருக்கலாம். யாரோ ஒருத்தர் செருப்புல வந்திருக்கலாம். காத்துலகூட வந்திருக்கலாம். நீங்க கொடுத்தது சுத்தமான மணி. சுத்தமான மணியோட போறது கஷ்டம். ஆனா போகவே போகாதுன்னு என்னால சொல்ல முடியாது.”

“அவன் போன்ல சொன்னான். நீ குடுத்தத எரிச்சுட்டாங்கக்கான்னு. அதுக்கப்புறம் அதப் பத்தி அவன் பேசவே இல்ல. நானும் கேக்கல.” பாட்டிலைக் கையால் காட்டினார். “இதுல போட்டுக் கொண்டுபோனா தெரிஞ்சிருமா?”

“அந்த ஊர்க் காளானும் இந்த ஊர்க் காளானும் ஒரே வம்சமான்னு தெரியும். யார் கையில வந்துச்சுன்னு தெரியாது.”

“அப்ப என்னத்துக்கு எடுக்குதீங்க?”

அறிவியலுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. இனி வேறெங்கும் போகாமல் தடுக்க என்று சொல்லியிருக்கலாம். அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அவர் கேட்டது அதை அல்ல.

“எங்கன வேணும்னாலும் எடுத்துக்கோங்க. நான் வேண்டாங்கல” என்றார் அக்கா. “என் புஞ்சையில மட்டும் வேண்டாம்.”

பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தேன். வரப்பில் திரும்பி நடக்கும்போது அவர் எனக்கு முன்னால் போனார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. நான் நடையைக் குறைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் மேற்கே கழுகுமலைப் பக்கம் போனேன். சாலையோரப் புஞ்சைக்காரர் ஒருவர் தாராளமாகச் சரி என்றார். நான் கதிர் கதிராக லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, ஆட்டுக்கிடை ஓட்டிப்போன இரண்டு பேர் நின்றார்கள்.

“ஏலே, அந்தம்மா கதிர்ல எறும்ப எண்ணுது” என்றார் ஒருவர்.

“அவிய படிச்சவிய. எண்ணட்டும்” என்றார் மற்றவர்.

நான்கு நாட்களில் அன்றுதான் சிரித்தேன். மாதிரிகள் எடுத்தேன். பின்னால் தெரியவந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் காளானும் இந்தக் காளானும் நெருங்கிய சொந்தம்தான். அதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊருக்குள் அந்தச் செய்தி பரவியபோது, நாங்கள்தான் அப்போதே சொன்னோமே என்றார்கள். அக்காவுக்கு நான் எதுவும் எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை லாட்ஜைக் காலி செய்தேன். வயலில் உடுத்திய சேலைகள், கோவில்பட்டியில் வாங்கிய புதுச்செருப்பு, துணிப்பை எதையும் நான் திரும்ப எடுத்துப்போகக் கூடாது. துவைத்து மடித்து, அறை பெருக்கும் பெண்ணிடம் கொடுத்தேன்.

“எல்லாம் நல்லாத்தானம்மா இருக்கு. என்னத்துக்கு விட்டுட்டுப் போறீங்க?”

இதில் உங்கள் ஊர் நோய் ஒட்டியிருக்கும் என்று ஒரு மனுஷியிடம் எப்படிச் சொல்வது? பெட்டியில் இடமில்லை என்றேன்.

தூத்துக்குடி பேருந்து நிலையத்தில் அக்காவும் அழகர்சாமியும் காத்திருந்தார்கள். மூவரும் திருச்செந்தூர் வண்டியில் ஏறினோம். அக்கா பெட்டியை மடியில் வைத்திருந்தார். கூட்டம் ஏற ஏற, அவர் முழங்காலில் இடித்துக்கொண்டு நின்ற நடத்துநர், “அதக் கீழ வைங்கம்மா, ஆள் நிக்கணும்ல” என்றார்.

“கீழ வைக்க முடியாது. என் தம்பி இருக்கான்.”

நடத்துநர் பெட்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு நின்றிருந்தவர்களைப் பின்னால் நகரச் சொன்னார்.

கடலில் அழகர்சாமி இடுப்பளவு தண்ணீருக்குப் போய்ச் சாம்பலைக் கரைத்தார். அலை வந்தபோது அக்கா கரையில் ஈரமணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். சுற்றிலும் பக்தர்கள் மொட்டைத் தலையோடு குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தன் குழந்தையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு அக்காவின் முதுகில் கைவைத்தாள். யார், என்ன என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுப் போனாள்.

மெஸ்ஸில் சாப்பிட்டோம். பேருந்து நிலையத்தில் எனக்குத் திருநெல்வேலி வண்டி நின்றுகொண்டிருந்தது. அழகர்சாமி வெற்றிலை வாங்கப் போனார். அக்கா ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். அந்தச் சோளத்த அவன் ஒரு வாயாவது தின்னானா? இல்ல, அதுக்குள்ள எரிச்சுட்டாங்களா?”

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. நோயைப் பற்றி யாரும் பேச ஆரம்பிக்காத நேரம். முந்திப் பால் பிடித்த கதிர்களை ஒடித்து, கொல்லையில் ஒரு தகர டிரம்மில் தீ மூட்டி வாட்டினார். சூட்டோடு உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதி, எங்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர் தின்றார்.

“சாப்பிட்டாருக்கா. வாட்டி எங்களுக்கும் கொடுத்தாரு.”

“நல்லா இருந்துச்சாமா?”

“எங்களுக்கு நல்லா இருந்தது. அவருக்குத்தான் திருப்தி இல்ல. நம்ம ஊர் ருசி வரலன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

“உப்புத்தண்ணி தெளிச்சானா?”

“இல்லக்கா.”

“கதிரு கருத்திருந்துச்சா?”

“நல்லாவே கருத்திருந்தது.”

அக்கா கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“அதான். தீ அடங்கித் தணலாகுத வரைக்கும் அவனுக்குப் பொறுக்காது. சின்னதுல இருந்தே அப்படித்தான், எத்தன தரம் சொல்லிக் குடுத்திருக்கேன்” என்றார். வண்டி நகர ஆரம்பித்தது. கம்பியிலிருந்து மற்றக் கையை எடுக்காமல் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தார். “சோளத்துமேல தப்பில்ல தாயி. அவனுக்கு வாட்டத் தெரியல.”